விதையின் விலையும் விவசாயியின் பாத்தியதையும்

2001-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயத்தில், குஜராத்தின் பருத்தி வயல்களில் பச்சைக் காய்ப்புழு மிகுந்த உக்கிரத்துடன் பரவி, எத்தனை முறை மருந்தடித்தும் அடங்காமல் காய்களைக் குடைந்து தின்றுகொண்டிருந்தபோது, சில வயல்களில் மட்டும் செடிகள் பெரிய சேதமின்றிக் காய்த்து நின்றன. அவ்வயல்களில் விதைக்கப்பட்டிருந்தது ‘நவபாரத் 151’ என்ற பெயரில் விற்பனையான ஓர் ஒட்டு விதை. அதைப் பரிசோதித்துப் பார்த்ததில், இந்திய சர்க்கார் அதுவரை எந்தப் பயிருக்கும் அனுமதித்திராத அந்நிய மரபணு ஒன்று அதற்குள் இருப்பது தெரியவந்தது. ஏறக்குறைய 10,000 ஹெக்டேரில் நின்ற அந்தப் பயிரை அழித்துவிட வேண்டுமென்று தில்லியிலிருந்த மரபணுப் பொறியியல் அங்கீகாரக் குழு உத்தரவிட்டது. விவசாயிகளோ, ஊரெங்கும் புழு தின்ற வருஷத்தில் தங்களுக்குக் கிடைத்த விளைச்சலைக் கொளுத்த ஒப்பவில்லை. பஞ்சில் பெரும்பகுதி சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து, 2002 மார்ச் 26-ஆம் தேதி, அதே குழு மஹிகோ-மான்சாண்டோ கம்பெனியின் மூன்று பி.டி. பருத்தி ஒட்டு ரகங்களுக்கு அனுமதி வழங்கியது. இந்நாட்டில் மரபணு மாற்றப் பயிரின் சரித்திரம் இவ்வாறு, சட்டம் பின்னே வர விதை முன்னே சென்ற ஒரு சம்பவத்தோடு ஆரம்பமாகிறது.

இப்பயிர்களைப் பற்றி நம் நாட்டில் நடந்துவரும் வாதப் பிரதிவாதங்களைக் கவனிக்கிறவர்கள், ஒரு சாரார் இவற்றைப் பசி தீர்க்கும் சஞ்சீவி என்றும் மற்றொரு சாரார் விஷம் என்றும் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். எனக்கு இவ்விரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. இருபது வருஷங்களுக்கு மேலான அனுபவத்தை ஆராய்ந்து பார்க்கும்போது, ஏழை நாடுகளில் ஒரு மரபணு விவசாயிக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதை நிர்ணயித்தது அந்த மரபணுவைக் காட்டிலும், அது எந்த வகை விதைக்குள் வைத்து, என்ன விலைக்கு, யாருடைய உரிமையின் கீழ் விற்கப்பட்டது என்பதே என்று நான் கருதுகிறேன். இதற்கு இந்தியப் பருத்தியைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

முதலில் அந்த மரபணு செய்யும் காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பட்டுப்புழுக்களைக் கொன்ற ஒரு நோயை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாதா 1901-இல் அதைக் கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் துரிஞ்சியப் பிரதேசத்தில் கிடைத்த புழுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்த பெர்லினர் அதற்கு இப்பெயரிட்டார். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒருவகைப் புரதம், காரத்தன்மை பொருந்திய புழுவின் குடலில் கரைந்து, குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு, அதில் துளையிட்டுப் புழுவைக் கொல்கிறது; மனிதனின் இரைப்பை அமிலத்தன்மை கொண்டது, அப்புரதம் பற்றிக்கொள்வதற்கான இடமும் நம் குடலில் இல்லை. அப்புரதத்தைச் செய்யும் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடியின் உயிரணுக்களில் புகுத்தினால், செடியே தன் இலையிலும் காயிலும் புழுவுக்கு எதிரான மருந்தைத் தயாரித்துக்கொள்கிறது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. 1990-களில் நம் நாட்டுப் பருத்தி விவசாயி பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அது நன்றாக விளங்கும். சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கே பருத்திக்குரியதாயிருக்க, நாட்டில் தெளிக்கப்பட்ட பூச்சிமருந்தில் பாதியளவு அந்தப் பயிருக்கே போயிற்று. அப்படித் தெளித்தும் புழு சாகவில்லை, ஏனெனில் அது அம்மருந்துகளுக்குப் பழகிப்போயிருந்தது. பி.டி. பருத்தி வந்த முதல் சில ஆண்டுகளில் பச்சைக் காய்ப்புழுவுக்கான மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. மஹாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை ஒரே குடும்பங்களைத் திரும்பத் திரும்பக் கண்டு தகவல் சேகரித்த ஜெர்மானியப் பொருளாதார ஆராய்ச்சியாளர்களான காதகேயும் கைமும், ஏக்கருக்கு விளைச்சல் நூற்றுக்கு 24-ம், பருத்தியில் கிடைத்த லாபம் நூற்றுக்கு 50-ம் உயர்ந்ததாகவும், பிற்பகுதியில் அக்குடும்பங்களின் வாழ்க்கைச் செலவே நூற்றுக்கு 18 பெருகியதாகவும் 2012-இல் எழுதினார்கள். சிறு விவசாயியின் வீட்டில் இந்த 18 என்பது அற்பமான எண்ணிக்கை அல்ல. குழந்தைகளின் படிப்பும், நோய்க்கு வைத்தியமும், இரண்டு வேளைச் சோறு மூன்று வேளையாவதும் அதில் அடங்கும்.

ஆனால் முழுத் தேசத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால் விஷயம் அத்தனை எளிதாயில்லை. 2001-02-இல் ஏறக்குறைய 158 லட்சம் பொதியாக இருந்த பருத்தி உற்பத்தி 2013-14-இல் 398 லட்சம் பொதியை எட்டியது. ஹெக்டேருக்கு 300 கிலோவை ஒட்டியிருந்த பஞ்சு விளைச்சல் 2007-08-இல் 550 கிலோவைத் தாண்டியது. இந்த வளர்ச்சி முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவோர் உண்டு. நாகபுரியிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த கிராந்தியும், மானிடவியல் அறிஞர் ஸ்டோனும் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விளைச்சல் துள்ளி எழுந்த ஆரம்ப வருஷங்களில் அதிகாரபூர்வமான பி.டி. பருத்தியின் பரப்பு மிகக் குறைவாகவே இருந்தது என்பதையும், அதே காலத்தில் ரசாயன உரத்தின் உபயோகம் பெருகியதையும், குஜராத்தில் பாசன வசதி விரிந்ததையும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் புதிய மருந்துகள் வந்ததையும் எடுத்துக்காட்டினார்கள். பின்னர் பருத்திப் பரப்பில் நூற்றுக்கு 90-க்கு மேல் பி.டி. ரகங்கள் பரவிய பிறகு விளைச்சல் மேலே போகவில்லை. அண்மை ஆண்டுகளில் அது 450 கிலோவை ஒட்டியே தடுமாறுகிறது. புழு மருந்துச் செலவில் மிச்சமானதை வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் வாங்கிக்கொண்டன. 2013 வாக்கில் ஹெக்டேருக்கான பூச்சிமருந்துச் செலவு பழைய நிலையைக் கடந்துவிட்டது.

ஒரே மரபணு இப்படி ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிற்பாடு தளர்ந்ததன் காரணத்தை அறிய, விதையின் ஜாதியைப் பார்க்க வேண்டும். இரண்டு வேறுபட்ட பெற்றோரை மகரந்தம் சேர்த்து உண்டாக்கும் விதையே ஒட்டு விதை. அதன் வீரியம் ஒரு தலைமுறைக்குத்தான். விளைந்ததிலிருந்து விதை எடுத்து மறுவருஷம் விதைத்தால் செடிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் முளைத்து, விளைச்சலும் விழுந்துவிடும். உலகிலேயே முதன்முதலாக வர்த்தகத்திற்கு வந்த பருத்தி ஒட்டு ரகமான ஹெச்-4, 1970-இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சி. டி. பட்டேல் உருவாக்கியது, அது நம் விஞ்ஞானத்துக்குப் பெருமை சேர்த்த காரியம் என்பதில் ஐயமில்லை. எனினும் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்துச் செய்யவேண்டிய அவ்விதை விலை அதிகம் பிடிப்பது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. மரபணு பெரும்பாலும் சாதாரண ரகங்களிலேயே வைக்கப்பட்டது. அங்கே காப்புரிமைச் சட்டம் கம்பெனியின் வருமானத்தைக் காத்தது. இந்தியாவிலோ, 2001-ஆம் வருஷத்துத் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், அண்டை அயலாரோடு மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்குப் பாத்தியதை அளித்திருக்கிறது. சட்டம் கொடுத்த இந்த உரிமையை ஒட்டு விதை ஓசையின்றிப் பயனற்றதாக்கிவிடுகிறது. மரபணு அதற்குள் இருக்கும்வரை விவசாயி வருஷந்தோறும் கடைக்கு வந்தே தீரவேண்டும்.

விலையைப் பற்றிய வழக்கு இங்கே எழுந்தது. அன்று ஒரு பொட்டலத்தில் 450 கிராம் பி.டி. விதை இருந்தது; ஏக்கருக்கு ஒரு பொட்டலம் அல்லது அதற்கு மேல் வேண்டியிருந்தது. 2005-ஐ ஒட்டி அதன் விலை 1,600 முதல் 1,850 ரூபாய் வரை இருந்தது. அதில் 1,250 ரூபாய் மரபணுவுக்கான உரிமைத் தொகை. ஆந்திர சர்க்கார் ஏகபோக வர்த்தகத் தடை ஆணையத்திடம் முறையிட்டு, 2006-இல் பொட்டலத்தின் விலையை 750 ரூபாயாக இறக்கியது. பின்னர் 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்து, உரிமைத் தொகையை 163 ரூபாயிலிருந்து 49-க்கும், படிப்படியாக 39, 20 என்றும் குறைத்து, 2020-இல் அறவே நீக்கிவிட்டது. இதற்கிடையில் சேலம் மாவட்டம் ஆத்தூரிலிருந்து நடக்கும் ராசி விதைக் கம்பெனி போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள் அதே மரபணுவை உரிமம் பெற்றுத் தம் ரகங்களில் சேர்த்து, 2004 முதற்கொண்டு நாடெங்கும் விற்கத் தொடங்கியிருந்தன. விலையைக் குறைத்தது சரியே என்பது என் அபிப்பிராயம். ஆனால் விலையை மாத்திரம் திருத்திவிட்டு விதையின் ஜாதியைக் கவனியாமல் விட்டது பெரும் பிழை.

ஏனெனில் விலையுயர்ந்த ஒட்டு விதையை எவரும் நெருக்கமாக விதைப்பதில்லை. விதைக்கு விதை இரண்டு மூன்று அடி விட்டு ஊன்றி, ஒவ்வொரு செடியையும் பெரிய புதராக வளர்த்து, ஆறு மாதமும் அதற்கு மேலும் வயலில் நிறுத்திப் பறிக்கிறார்கள். தண்ணீரும் நல்ல மண்ணும் உள்ள இடத்தில் இது சரிப்படும். நம் பருத்தி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானம் பார்த்த பூமி. விதர்ப்பத்தின் கரிசலில் மழை செப்டம்பரோடு விடைபெற்றுக்கொள்ள, செடி அதற்குப் பிறகே காய் பிடிக்கத் தொடங்கி, முற்றும் தருணத்தில் ஈரமின்றித் தவிக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிப் போட்ட விவசாயி, மழை பொய்த்தால் இரட்டை நஷ்டம் அடைகிறான். விதர்ப்பத்து விவசாயிகளின் தற்கொலைகளுக்கு இந்த விதையே காரணம் என்று பலர் சொல்லிவந்திருக்கிறார்கள். அத்துயரம் 2002-க்கு முன்பே தொடங்கிவிட்டது, பி.டி. பருத்தி மாத்திரமே அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் மானாவாரி நிலத்தில் அதிகச் செலவும் நீண்ட வயதும் கொண்ட விதையைப் புகுத்தியது ஏற்கெனவே கடனில் இருந்தவனின் அபாயத்தைப் பெருக்கியது என்பதை மறுக்கவியலாது.

விதைப் பொட்டலத்துக்குள்ளேயே இருந்த இன்னொரு சிறு பை இக்கதையில் முக்கியமானது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அந்தச் சாதாரண விதையை விதைக்க வேண்டுமென்பது அப்போதைய சட்டம். பி.டி. புரதத்தைத் தின்றும் சாகாத புழு லட்சத்தில் ஒன்று பிறந்தால், அது பக்கத்துச் சாதாரணச் செடியில் வளர்ந்த பலவீனமான புழுவோடு இணைந்து, அதன் சந்ததியில் அந்த எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோகும் என்பது இதன் சூத்திரம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்கும்படி, மூன்று ஏக்கர்க்காரனிடம் யார் சொல்லி யார் கேட்பது? அவன் ஒருவன் விதைப்பதால் அவனுக்கு நஷ்டம் கண்கூடு. அதனால் வரும் லாபமோ ஊருக்கெல்லாம் பொது, பல வருஷங்கள் கழித்துக் கிடைப்பது. புழு மருந்துக்கு வசப்பட்டிருக்கும் தன்மை, ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலத்தைப் போல், எல்லோரும் கூடிக் காத்தாலன்றி நிலைக்காது. அந்தச் சிறு பை பெரும்பாலும் வரப்பிலேயே வீசப்பட்டது. சில பைகளில் இருந்த விதை வயலுக்கு ஒவ்வாத ரகமாகவும், முளைப்புத்திறன் குன்றியதாகவும் இருந்தது. விதையை விற்றவர்களும் அதிகாரிகளும் இதை அறிந்திருந்தும் வருஷங்கள் கடந்தன. சாதாரண விதையை பி.டி. விதையோடு அதே பொட்டலத்தில் கலந்து விற்கும் முறை வருவதற்குள் புழு முந்திக்கொண்டுவிட்டது.

முந்திக்கொண்டது பச்சைப் புழு அன்று, இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பச்சைப் புழு துவரையிலும் கடலையிலும் தக்காளியிலும் வாழ்வது. ஆகையால் அங்கெல்லாம் மரபணுவின் தொடர்பில்லாத புழுக்கூட்டம் எப்போதும் இருந்துகொண்டிருக்கும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியே ஏறக்குறைய ஒரே உணவு. 2009-இல் குஜராத்தின் அம்ரேலி முதலிய இடங்களில் ஒரு மரபணு கொண்ட போல்கார்ட் என்ற பி.டி. பருத்தியை இப்புழு எதிர்த்து நிற்பது கண்டறியப்பட்டது. இரண்டு மரபணுக்களை இணைத்து 2006-இல் வந்த போல்கார்ட் இரண்டாம் ரகத்தையும் 2014-15 வாக்கில் அது வென்றுவிட்டது. இதன் சேதம் வெளியே தெரியாதது என்பதே இதன் கொடுமை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு இளங்காய்க்குள் நுழைந்த துளை சில நாளில் மூடிக்கொள்கிறது. காய் பச்சைப்பசேலென்று முழுமையாகத் தொங்குகிறது. மொட்டைத் தாக்கினாலோ இதழ்கள் பட்டுநூலால் பின்னப்பட்டு ரோஜா மொட்டைப் போல் விரியாமல் குவிந்து நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் காயைப் பிளந்தால்தான் ஒரு சுளை வெள்ளையாகவும் மறு சுளை கறுத்து அழுகி, தின்ற விதையின் தூளோடும் இருப்பது தெரியும். அப்பஞ்சுக்கு வியாபாரி கறை என்றும் மட்டம் என்றும் சொல்லி விலையைக் குறைப்பான். இனி மருந்துதான் வழி என்று விவசாயிகள் திரும்பினார்கள். 2017-இல் விதர்ப்பத்தின் யவத்மாள் மாவட்டத்தில், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்திக்குள் புகுந்து, கலவை மருந்துகளைத் தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் விஷமேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். மருந்தடிப்பைக் குறைப்பதற்கென்றே அழைத்துவரப்பட்ட பயிர் அது என்பதை எண்ணும்போது மனம் கலங்குகிறது.

இதே இளஞ்சிவப்புப் புழுவை அமெரிக்காவின் அரிஜோனாவில் வேறு விதமாக எதிர்கொண்டார்கள். அங்கே முதலில், மரபணு இல்லாத சாதாரணப் பருத்தியை விதைத்த அடைக்கல வயல்களைக் கண்டிப்பாக வைத்தார்கள். பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவிப் புழுவின் இனச்சேர்க்கையைக் கலைத்தார்கள்; 2018-இல் அது முற்றிலும் ஒழிந்ததென்று சர்க்கார் அறிவித்தது. சீனாவின் யாங்சீ நதிப் படுகையில் விவசாயிகள் ஒட்டு ரகத்தின் இரண்டாம் தலைமுறை விதையை மலிவாக வாங்கி விதைத்ததில், நான்கில் ஒரு பங்கு செடிகளில் மரபணு இல்லாமற்போக, அதுவே எதிர்பாராமல் அடைக்கலமாக அமைந்து புழுவின் எதிர்ப்பைக் குறைத்துவிட்டது. மரபணு மூன்று தேசங்களிலும் ஒன்றுதான். அதைச் சுற்றியிருந்த ஏற்பாடுகள் வெவ்வேறு.

ஆப்பிரிக்காவின் இரண்டு அனுபவங்களும் இதையே காட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவின் மகாதினி சமவெளியில் 1990-களின் இறுதியிலிருந்து சிறு விவசாயிகள் பி.டி. பருத்தியை விரைந்து ஏற்று, ஏழைகளின் வெற்றி என்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டார்கள். அங்கே விதைக்கும் மருந்துக்கும் கடன் கொடுத்தது ஒரே ஒரு கம்பெனி. பஞ்சை வாங்கியதும் அதுவே. கொள்முதலில் கடனைப் பிடித்துக்கொண்டது. 2002-ஐ ஒட்டி அருகில் இரண்டாவது அரைவை ஆலை ஒன்று எழுந்து, விவசாயிகள் பஞ்சை அங்கே விற்கத் தொடங்கவும், முதல் கம்பெனியின் கடன் வசூலாகாமற்போயிற்று; அது கடனை நிறுத்தியது; சாகுபடி சரிந்துவிட்டது. மரபணுவில் குற்றமில்லை, பயிரிடப் பணமில்லை.

புர்கினா பாசோவின் கதை இன்னும் ஆழ்ந்து படிக்கத் தக்கது. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த நிலம்சூழ்ந்த ஏழை நாடு, பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் பாடுபட்டு, நீண்ட இழையும் அரைவையில் அதிகப் பஞ்சு தேறும் தன்மையும் கொண்ட தன் ரகங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருந்தது. கையால் பறிக்கப்பட்ட அப்பஞ்சுக்கு உலகச் சந்தையில் உயர்ந்த விலை. 2008 முதல் மான்சாண்டோவின் மரபணு உள்ளூர் ரகங்களில் சேர்க்கப்பட்டுப் பரவியது. மருந்தடிப்பு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது, விளைச்சலும் ஏறியது, சில வருஷங்களில் பருத்திப் பரப்பில் பெரும்பகுதி பி.டி. ஆயிற்று. ஆனால் அப்பஞ்சின் இழை குட்டையாகிவிட்டது. அரைத்தால் தேறும் பஞ்சும் குறைந்தது. விவசாயிக்கு எடைக்கு விலை கிடைத்ததால் அவன் மகிழ்ந்தான். பஞ்சை விற்றுத் தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய சர்க்கார் சார்ந்த கம்பெனிகளோ உலகச் சந்தையில் தரம் இறங்கி நஷ்டப்பட்டன. அவை மான்சாண்டோவிடம் ஏறக்குறைய 48 பில்லியன் சி.எஃப்.ஏ. பிராங்கு நஷ்டஈடு கேட்டன; 2016-இல் பி.டி. பருத்தியைக் கைவிட்டுப் பழைய ரகங்களுக்குத் திரும்பின. புழுவைக் கொல்வது ஒன்றே ரகத்தின் குணம் என்று எண்ணி, இழையின் தரத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்த முந்தைய உழைப்பை அவசரத்தில் இழந்தது அந்தத் தேசம். ஒரு மரபணுவை உள்ளூர் ரகத்தில் சேர்த்து அந்த ரகத்தின் மற்றக் குணங்கள் முழுவதும் திரும்பிவரும்வரை பல தலைமுறை பொறுமையாகக் கலப்புச் செய்வதற்கு நாளாகும்; வர்த்தகம் அந்த நாளைக் கொடுக்கவில்லை.

நம் அண்டை நாடான வங்கதேசத்தில் நடந்ததை இவற்றோடு சேர்த்து நோக்கினால், விஷயம் தெளிவடையும். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, மருந்து படாத காயின் உள்ளே வாழ்வது. அதற்காக விவசாயிகள் ஒரு பருவத்தில் டஜன் கணக்கில் மருந்தடிப்பதும், பறித்த காயைச் சில நாளில் நாம் சமைத்து உண்பதும் எவருக்கும் தெரிந்த சங்கதி. இப்புழுவுக்கெதிரான பி.டி. கத்தரியை இந்தியாவில் மஹிகோ உருவாக்க, அதோடு கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உள்ளூர் ரகங்களில் அம்மரபணுவைச் சேர்த்தன. கோ 2, எம்.டி.யு. 1, பி.எல்.ஆர். 1, கே.கே.எம். 1 என்பவை தமிழ்நாட்டின் பங்காக அமைந்த ரகங்கள். கோவையையும் மதுரையையும் பாலூரையும் கிள்ளிகுளத்தையும் பெயரில் தாங்கியவை. இவை ஒட்டு விதையல்ல, விவசாயி எடுத்து வைத்து மறுபடியும் விதைக்கத் தக்கவை. 2009 அக்டோபரில் அங்கீகாரக் குழு சம்மதித்தது. சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, பரிசோதனைகள் போதவில்லை என்றும், சுதந்திரமான பரிசோதனை முறை உருவாக வேண்டும் என்றும் கூறி 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அதை நிறுத்திவைத்தார். தீர்மானத்தின் காரணங்களை வெளிப்படையாக எழுதி மக்கள் முன் வைத்த அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆயினும், நிறுத்திவைத்த காலத்தில் செய்து முடிக்க வேண்டிய பரிசோதனைகளை எவரும் தொடர்ந்து செய்யவில்லை. கம்பெனியின் ஒட்டு விதைக்கும், பல்கலைக்கழகத்தின் சேமிக்கத்தக்க விதைக்கும் ஒரே தீர்ப்பு விழுந்தது. இரண்டும் ஒரே அலமாரியில் கிடக்கின்றன.

வங்கதேசம் அதே மரபணுவை வாங்கி, தன் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நான்கு உள்ளூர் ரகங்களில் சேர்த்து, 2013 அக்டோபரில் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது. 2018-இல் ஏறக்குறைய 27,000 பேர் பயிரிட்டார்கள். சர்க்கார் விதையை உரிமைத் தொகை இன்றிப் பரப்பியது. விவசாயிகள் விதையைச் சேமிக்கவும் தடையில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளில் விளைச்சல் நூற்றுக்கு 40-க்கு மேல் உயர்ந்ததும், பூச்சிமருந்து உபயோகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் காணப்பட்டன. அங்கும் அடைக்கல வரிசைகள் ஒழுங்காக விதைக்கப்படுகின்றனவா என்ற கேள்வி இருக்கிறது. மகாராஷ்டிரத்துப் பருத்தி கற்பித்த பாடத்தை டாக்கா அலட்சியம் செய்யுமானால் கத்தரிப்புழுவும் ஒருநாள் பழகிக்கொள்ளும். இருந்தபோதிலும், புழு நீங்கியதால் விளைந்த மிச்சம் முழுவதும் விவசாயியின் வீட்டிலும், அதை வாங்கிச் சமைப்பவளின் வீட்டிலும் தங்கியது என்பது பொருளாதாரக் கண்ணோட்டத்தில் மிகப் பெரிய வித்தியாசம்.

இந்தியாவிலும் பொதுத்துறை இப்படிச் செய்ய ஒருமுறை முயன்றதுண்டு. 2008-09-இல் பிகானேரி நர்மா என்ற ரகத்தில் பி.டி. மரபணுவைச் சேர்த்து, விதையைச் சேமித்து விதைக்கலாம் என்ற உறுதியோடு பொதுத்துறை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதில் மான்சாண்டோவின் மரபணுக் கலப்பு இருப்பது தெரிந்து, அது திரும்பப் பெறப்பட்டது. விதையைப் பொறுப்போடு பரிசோதித்திருந்தால் நேர்ந்திராத இந்தத் தவறு, ஒரு ரகத்தோடு முடியவில்லை. கம்பெனி ஒட்டு விதைக்கு மாற்றாக ஒரு சாதாரண ரகம் சந்தைக்கு வரும் வாய்ப்பையே பல ஆண்டுகள் பின்தள்ளிவிட்டது.

களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தியில் இன்று நாம் காண்பது 2001-இன் மறுபதிப்பு. அனுமதியற்ற அவ்விதை பல மாநிலங்களில் ரகசியமாக விற்கப்படுகிறது. 2019 ஜூனில் மஹாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் சங்கத்தார் அதைப் பகிரங்கமாகவே விதைத்தார்கள். களை எடுக்க ஆள் கிடைக்காமலும், கூலி கொடுக்கச் சக்தியில்லாமலும் தவிக்கும் விவசாயியின் நெருக்கடி உண்மையானது; களை எடுத்துப் பிழைக்கும் கூலிப்பெண்ணின் வருமானம் அதனால் போய்விடும் என்பதும் உண்மையே. இவ்விரண்டு நியாயங்களையும் சீர்தூக்கித் தீர்மானிக்க வேண்டிய சர்க்கார் மௌனம் சாதிப்பதால், லேபிள் இல்லாத, உத்தரவாதமில்லாத விதைப் பொட்டலத்தை இரவில் வாங்கி, முளைக்காவிட்டால் புகார் சொல்லவும் வழியின்றி விவசாயி நிற்கிறான்.

2022 அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தீபக் பெந்தலும் அவர் குழுவினரும் உருவாக்கிய டி.எம்.ஹெச்-11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு அங்கீகாரக் குழு வழிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 ஜூலை 23-ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் அனுமதி விஷயத்தில் மாறுபட்ட தீர்ப்பு அளித்தாலும், மரபணு மாற்றப் பயிர்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வகுக்கப்பட வேண்டும், அதற்கு மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். அக்கொள்கையை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, இந்த விதையை விவசாயி சேமித்து விதைக்க முடியுமா, மானாவாரி நிலத்தில் அதன் வயது எவ்வளவு, அடைக்கல விதைக்கு யார் பொறுப்பு, புழு எதிர்த்து நின்றால் எந்த வருஷம் விதையைத் திரும்பப் பெறுவீர்கள், நஷ்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். பதில்கள் மாவட்டந்தோறும் விதைக்கடையில் தமிழிலும் தெலுங்கிலும் மராட்டியிலும் ஒட்டப்பட வேண்டும். கோயமுத்தூரிலும் தார்வாடிலும் அலமாரியில் இருக்கும் அந்தக் கத்தரி ரகங்களை முதல் விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு, பதினைந்து வருஷங்களுக்கு முன் பாக்கி நின்ற பரிசோதனைகளை இப்போதாவது சர்க்கார் செலவில், சர்க்கார் வயலில் நடத்தத் தொடங்கலாம்.